வல்லூறன் பேசக் கூடாத நாட்கள்

ஜூன் 4

நேற்று தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். மிளகு அளவுதானாம். கெட்ட கட்டி இல்லை, கவலை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. ‘ம்’ கூடாது. இருமக் கூடாது, செருமக் கூடாது. கிசுகிசுவென்று பேசுவது சத்தமாகப் பேசுவதைவிடக் கெடுதலாம். மீறினால் புண் தழும்பாகிவிடும், அப்புறம் குரல் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார். சின்னப் பெண்தான். கல்யாணம் ஆகியிருக்குமா என்று தெரியவில்லை. அவள் சொன்ன விதம், ‘பால் பாக்கெட் தீர்ந்துபோச்சு’ என்று கடைக்காரர் சொல்கிற மாதிரி இருந்தது.

மருமகள் பூங்கொடி ஒரு ஸ்லேட்டும் நகைக்கடையில் கொடுத்த இந்த டைரியும் கொண்டுவந்து வைத்தாள்.

“அத்தை, உப்பு பத்தல, தண்ணி வேணும்னா ஸ்லேட்டுல எழுதுங்க. என்னைத் திட்டணும்னா டைரில எழுதுங்க.”

சிரிக்கக் கூடாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பேத்தி கனிஷ்கா தன்னுடைய வல்லூறன் பொம்மையைக் கொண்டுவந்து என் தலையணையில் படுக்க வைத்தாள். “காவலுக்கு” என்றாள். ஒரு இறக்கை ஒடிந்து பசை போட்டு ஒட்டியது. மற்ற இறக்கை சரியாக மடங்கும். மூக்கைக் கீழே தள்ளி, காலைத் திருப்பி, வாலை உள்ளே விட்டால் பறக்கிற டைனோசர் உருமாறி, ஆள் மாதிரி எழுந்து நிற்கும். எனக்கு இதுவரை ஒரு தடவையும் மாற்ற வந்ததில்லை. ஆனால் டிவி கார்ட்டூனில் அந்த வல்லூறன் பேசுவது என் குரலில்.

பயம் ஒன்றும் இல்லை. வயிறுதான் சரியில்லை.

ஜூன் 5

தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிவிட்டேன்.

ஜூன் 7

வீட்டில் எத்தனை சத்தம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. குக்கர் விசில். காலிங்பெல். கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் ‘அம்மாடி’ என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. பயந்தால் கத்திவிடுவேன், கத்தினால் குரல் போய்விடும். அதனால் பயப்படவே பயமாக… இல்லை, எச்சரிக்கையாக இருக்கிறேன்.

பூங்கொடி மிளகாய் தாளிக்கும்போது என்னை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கே உட்கார்ந்திருந்தபோது பல்லி ஒன்று தோளில் விழுந்தது. எழுந்து நின்றேன், உதறினேன், உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை. இதை யாரும் பார்க்கவில்லையே என்று இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

டப்பிங் இன்சார்ஜ் பெர்னாட் ஆப்பிளோடு வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், அக்கா என்பார்.

“அக்கா, டப்பிங் தியேட்டரே வெறிச்சோடிக் கெடக்கு. டீக்கடைப் பையன்கூட கேக்குறான், ‘அந்த கத்துற அம்மா எங்கே’ன்னு.”

அப்புறம் ஆப்பிள் பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எதற்கோ வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

“சேனல்காரன் நிறுத்த மாட்டேங்குறான்க்கா. புது எபிசோடு போயே ஆகணுமாம். மோனிகான்னு ஒரு பொண்ணு. உங்க பழசெல்லாம் கேட்டுக் கேட்டு அப்பிடியே பேசுது. தற்காலிகம்தான். நீங்க வந்து நின்னீங்கன்னா மைக் உங்களுது.”

ஸ்லேட்டில் ‘நல்லது’ என்று எழுதிக் காட்டினேன். எழுத்து கோணிவிட்டது. அழித்து மறுபடி எழுதினேன்.

அவர் போன பிறகு நினைத்துக்கொண்டேன். மதுரையில் நாடகக் கம்பெனியில் இருந்துவிட்டு, வீட்டுக்காரர் போன பிறகு மகன் சோணையோடு சென்னைக்கு வந்தேன். டப்பிங்கில் கும்பல் சத்தம் போடுவதுதான் என் வேலை. சந்தைக் கூட்டம், ஒப்பாரி, கைக்குழந்தை அழுகை, ஆடு. வல்லூறனுக்குக் குரல் தேடியபோது கட்டைக் குரல் ஆம்பளைகள் வரிசையாக வந்து கத்திப் பார்த்தார்கள். வேற்றுக் கிரகத்து இரும்பு டைனோசர், ஆகாயத்தில் இருந்து பாய்கிறது, இவர்களோ பஸ்சைத் தவறவிட்டவர்கள் மாதிரி கத்தினார்கள். பின்னால் பெஞ்சில் இருந்த நான் சும்மா விளையாட்டுக்கு ஒரு சத்தம் போட்டேன். மூச்சை வெளியே விட்டு அல்ல, உள்ளே இழுத்து. தகரத்தைக் கிழித்த மாதிரி வந்தது. பெர்னாட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார்.

ஆறு வருஷமாக ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் “மேலே பார், வல்லூறன் வந்தாச்சு” என்று தெருவில் ஓடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு படித்த இந்த வெள்ளத்தாய் சொன்னது அது. பேர் போட மாட்டார்கள். போடாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்.

மோனிகா. நல்ல பெயர்தான்.

ஜூன் 11

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கனிஷ்கா மூன்றாம் வகுப்பு. புது வகுப்பில் முதல் காரியமாக எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம்.

“எங்க அப்பத்தாதான் வல்லூறன்னு சொன்னேன் அப்பத்தா. ஜோயல் என் பக்கத்துல ஒக்காரணும்னு சண்டை போட்டான்.”

ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஜூன் 13

இன்றைக்குச் சாயங்காலம் புது எபிசோடு. மோனிகா பேசியது.

நானும் பேத்தியும் எப்போதும்போல கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். வல்லூறன் மலைக்குப் பின்னால் இருந்து வந்தான், வாயைத் திறந்தான். குறை சொல்ல இடம் இல்லை. என் இழுப்பு, என் நிறுத்தம், கடைசியில் நான் கொடுக்கிற சின்ன உறுமல், எல்லாம் இருந்தது. ஒரு இடத்திலாவது தவறுவாள் என்று கடைசிவரை பார்த்தேன்.

கனிஷ்கா என் பக்கம் திரும்பினாள்.

“அப்பத்தா, நீதான் பேசக் கூடாதே?”

தலையாட்டினேன்.

“அப்ப இது யாரு பேசுறா?”

‘வேற ஒரு அக்கா’ என்று ஸ்லேட்டில் எழுதினேன்.

படித்துவிட்டு டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அதே வல்லூறன்தானே பேசுது” என்றாள்.

பிள்ளை ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் எழுத ஸ்லேட்டில் இடம் போதவில்லை.

ஜூன் 14

பள்ளிக்கூடத்தில் ஜோயல் கேட்டானாம்: “உங்க பாட்டிதான் ஊமை ஆயிட்டாங்கல்ல? நேத்து வல்லூறன் எப்பிடிக் கத்துச்சு?” எல்லாரும் சிரித்தார்களாம். புளுகுணி என்று பேர் வைத்துவிட்டார்களாம்.

பையை எறிந்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“நெசமா நீதானா?”

தலையை ஆட்டினேன். வேகமாக ஆட்டினேன்.

சோணை டாக்சியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான். “ஏய், எங்கம்மாதான்டி அது. எங்க வேணாலும் வந்து சொல்றேன்.”

“நீயும் பொய் சொல்றப்பா. அம்மாவும் பொய் சொல்றா. அப்பத்தாவைக் கத்தச் சொல்லு. ஒரே தடவை. மெதுவா.”

“கத்தக் கூடாதும்மா. புண்ணு.”

“எப்பப் பாத்தாலும் புண்ணு.”

பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. அப்படியே பிடித்து வைத்தேன், காது அடைக்கும்வரை. வயிறு சரியில்லை என்று பூங்கொடியிடம் எழுதிக் காட்டினேன்.

ஜூன் 16, ஞாயிறு

அந்த ஜோயலை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல பையன். செருப்பை வரிசையாக விட்டுவிட்டு, கை கட்டி நின்று, “வணக்கம் பாட்டி” என்றான்.

“பாட்டி, ஒரே ஒரு தடவை. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

பூங்கொடி கடைக்குப் போயிருந்தாள். கனிஷ்கா சுவரோடு ஒட்டி நின்று என் வாயையே பார்த்தாள். ஒரு சத்தம்தானே, அதிலே என்ன ஆகிவிடப்போகிறது என்று எழுந்து நின்றுவிட்டேன். வாயைத் திறந்தேன். மூச்சை இழுத்தேன். தழும்பு என்று டாக்டரம்மா சொன்ன குரல் காதில் கேட்டது.

வாயை மூடிவிட்டேன்.

ஜோயல் சிரிக்கவில்லை. “பரவாயில்ல பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போனான். சிரித்திருந்தால் தேவலை.

சாயங்காலம் என் தலையணையில் இருந்த பொம்மையைக் கனிஷ்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

ஜூன் 18

ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். இன்றைக்குச் சத்தம் வேண்டாம், மூச்சு மட்டும் விடுங்கள் என்றார். அப்புறம் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

“பேசுனீங்களா?”

கையை ஆட்டினேன்.

“கிசுகிசுன்னு? போன்ல? சாமி கும்பிடும்போது?”

‘இல்லை’ என்று மேசையில் இருந்த தாளில் எழுதினேன். கீழே கோடு போட்டேன்.

“ரெண்டு குரல் நரம்பும் செவசெவன்னு வீங்கிக் கெடக்கு. சும்மா இருந்த தொண்டை இப்பிடி இருக்காது. இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் இப்பிடியே இருந்தா, வீட்ல பேசுற அளவுக்கு ஏதோ வரும். நடிக்கிற குரலை மறந்துடணும்.”

ஆட்டோவில் பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, நான் திட்ட மாட்டேன். பாத்ரூம்ல கத்திப் பாத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

ஸ்லேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நம்பவில்லை. அவளை என்ன சொல்வது, எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. நான் பேசவில்லை. ஆனால் தொண்டை பேசியிருக்கிறது. எப்போது? யாரிடம்?

ஜூன் 19

தூக்கத்தில் பேசுகிறேனோ?

துண்டை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தேன். சோணை அவன் போனைத் தலைமாட்டில் வைத்து விடியவிடியப் பதிவு பண்ணினான். காலையில் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். ஃபேன் சத்தம். நாய். அப்புறம் ஒரு பெரிய சத்தம், சோணையின் கையைப் பிடித்துவிட்டேன்.

“குறட்டைம்மா” என்றான் சோணை. “பயப்படாத.”

“இந்தக் குறட்டைக்கே தனியா சம்பளம் குடுக்கலாம் அத்தை” என்றாள் பூங்கொடி.

கனிஷ்கா பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 21

சாப்பாடு இறங்கவில்லை. எச்சில் விழுங்கினால்கூட உள்ளே ஏதோ கெட்டுவிடும்போல இருக்கிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. எனக்குத் தெரியாமல் அசைகிறதோ என்று மறுபடி பார்த்தேன்.

அறுபத்து நாலு வருஷம் கூடவே இருந்த கழுத்து. இப்போது வீட்டுக்குள் புகுந்த வேற்று ஆள் மாதிரி இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்றைக்குப் பழைய எபிசோடுகளை வரிசையாகப் போட்டார்கள். எல்லாம் நான் பேசியது. கனிஷ்கா என்னோடு பேசுவதில்லை, ஆனால் டிவி என் அறையில்தானே இருக்கிறது. கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். எரிமலைக்குள் வல்லூறன் மாட்டிக்கொள்கிற கட்டம் வந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அதில் பயம். நகர்ந்து நகர்ந்து வந்து, கோபத்தை மறந்து, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் நெற்றி என் கழுத்தில் பட்டது.

சட்டென்று விலகினாள்.

“அப்பத்தா, உன் தொண்டைக்குள்ள என்னமோ துள்ளுது.”

விரலை என் தொண்டைமேல் வைத்தாள். டிவியில் வல்லூறன் வாயைத் திறக்கப்போகிறான், இன்னும் திறக்கவில்லை. விரலுக்கு அடியில் துள்ளியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான். மறுபடி. மறுபடி. அவன் சும்மா பறக்கும்போது தொண்டையும் சும்மா இருக்கிறது. மற்ற டைனோசர்கள் பேசும்போது சும்மா இருக்கிறது. அவன் முறை வருவதற்கு ஒரு நொடி முன்னால் முந்திக்கொள்கிறது.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வாய் மூடித்தான் இருந்தது.

கனிஷ்கா டிவியைப் பார்க்கவே இல்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

“நீதான்! ஐயோ, நீதான் அப்பத்தா! அவனுக்கு முந்தி உனக்குத் தெரியுது!”

கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பொம்மையை ஓடிப்போய் எடுத்துவந்து என் மடியில் போட்டாள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவள் விரலை நானே பிடித்து மறுபடி தொண்டையில் வைத்தேன். இன்னொரு தடவை பார், இன்னொரு தடவை.

வாசல்படியில் பூங்கொடி கரண்டியோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அத்தை… இதுதானா?”

அவள் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டரம்மா முழுவதும் கேட்டுவிட்டு, “ஆமா” என்றார். “வாய மூடிட்டு உள்ளுக்குள்ளயே பேசுறாங்க. வருஷக்கணக்கா பழகின ஒடம்பு. நரம்பு ரெண்டும் வந்து அடிச்சிக்கும். டிவிய மொதல்ல நிறுத்துங்க.”

தினம் சாயங்காலம் பேத்தியோடு டிவி முன்னால் உட்கார்ந்து, நானே என் குரலைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 24

டிவி இல்லை. ஆனால் ஆறு மணி ஆனால் மாடிவீட்டில் வல்லூறன், எதிர்வீட்டில் வல்லூறன். ஜன்னலைச் சாத்தினாலும் வருகிறான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துள்ளியதா, துள்ளவில்லையா, தெரியவில்லை.

ஜூன் 26

ஆறு மணிக்கு பூங்கொடி என்னைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே பிள்ளைகள் வல்லூறன் விளையாட்டு விளையாடுகிறார்கள். நாளையில் இருந்து பஸ் ஸ்டாண்டு. அங்கே ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

ஜூன் 29

சனிக்கிழமை. ஜோயல் மறுபடி வந்தான். கனிஷ்காதான் திங்கட்கிழமையே வரச் சொல்லியிருக்கிறாள், தொண்டை துள்ளுவதைத் தொட்டுக் காட்டுகிறேன் என்று. டாக்டரம்மா சொன்னது அவளுக்குத் தெரியும். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

“எங்க, காட்டு” என்றான்.

ரிமோட்டை எடுத்தாள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். போனால் அவளை மறுபடி புளுகுணி என்பார்கள். இருந்தால்… நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டவில்லை. ஆட்டியிருக்க வேண்டும். ஏன் ஆட்டவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. அவள் காட்டட்டும் என்று எனக்குள்ளேயும் ஒன்று காத்திருந்தது.

கனிஷ்கா பட்டனில் விரலை வைத்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். அப்புறம் ரிமோட்டை அலமாரி மேலே, அவளுக்கே எட்டாத இடத்துக்கு எறிந்தாள்.

“முடியாது.”

“ஏன்?”

“முடியாதுன்னா முடியாது. டிவி போட்டா அப்பத்தாவுக்குப் புண்ணு பெருசாவும்.”

“அப்ப நீ சொன்னது பொய்யா?”

“பொய்யின்னே வெச்சுக்கோ. போடா.”

“எல்லார்ட்டயும் சொல்லிடுவேன்.”

“சொல்லு. நோட்டீஸ் அடிச்சு ஒட்டு.”

அவன் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்லேட்டை எடுத்தேன். வெறும் ஸ்லேட்டை அவள் பக்கத்தில் வைத்தேன்.

ஜூலை 1

நாளைக்கு ஆஸ்பத்திரி. பெர்னாட் போன் பண்ணி பூங்கொடியிடம் பேசினார். என்ன சொன்னார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் எழுதிக் கேட்கவில்லை.

துணி மடித்தேன். பருப்பில் கல் பொறுக்கினேன். நாளைக்கு வாயைத் திறக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துவிட்டேன். “மேலே பார், வல்லூறன் வந்தாச்சு.” மெதுவாகத்தான். கத்தாமல். அதைச் சொன்னால் டாக்டரம்மாவுக்கே யார் நான் என்று தெரிந்துவிடும்.

ஜூலை 2

கனிஷ்கா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எங்களோடு வந்தாள். மூக்கில் கேமராவை விட்டார்கள். எதிரே சின்ன டிவி. அதில் என் தொண்டை. இரண்டு வெள்ளை நரம்பு, ஈரமாக, திறந்து மூடிக்கொண்டிருந்தது. இதுநாள்வரை நான் பார்த்ததே இல்லை. வல்லூறன் இருக்கும் இடம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

“ஆறியிருக்கு” என்றார் டாக்டரம்மா. “நல்லா ஆறியிருக்கு. இப்ப ஏதாவது பேசுங்க. மெதுவா. எது வேணாலும்.”

பூங்கொடி என் முதுகில் கை வைத்தாள். கனிஷ்கா மூச்சே விடவில்லை. நேற்று யோசித்து வைத்த வார்த்தைகள் எல்லாம் தலைக்குள் இருந்தன. வாயைத் திறந்தேன். நரம்பு இரண்டும் அந்தச் சின்ன டிவியில் நெருங்கி வந்து, தொடப்போய், தயங்கி நின்றன.

“பயமா இருக்கு.”

அதுதான் வந்தது. ஈரச் சாக்கை இழுத்த மாதிரி. என் குரல் இல்லை. யாருடைய குரலும் இல்லை.

டாக்டரம்மா டிவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரியாப் பாக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

“பயமா இருக்கு.”

“அதேதான். இன்னும் கொஞ்சம் சத்தமா.”

இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாததை, மருமகளும் பேத்தியும் கேட்க, முன்பின் தெரியாத நர்சும் கேட்க, மூக்கில் குழாயோடு சொன்னேன்.

“பயமா இருக்கு தாயி. ரொம்பப் பயமா இருக்கு.”

“ம், நல்லா மூடுது” என்றார் டாக்டரம்மா. “பேசலாம், ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா. கத்துறதப் பத்தி மட்டும் இப்பக் கேக்காதீங்க. வருமா வராதான்னு எனக்கே தெரியாது.”

கேமராவை எடுத்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குழாய் உரசியதால்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கனிஷ்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அப்பத்தா” என்றாள். “நீ பேசு.”